உது

இரண்டாம் தவணையின் முதல் நாள்.
வினிப்பெக்கில் மைனஸ் இருபத்தொன்பது.
சப்பாத்துகளில் இருந்து உருகிய பனி
நூற்றிப் பதினாலாம் அறையின் தரையில்
சின்னச் சின்னக் குளங்களாக.
திரைக்கு முன்னால் நின்று சொன்னேன்:
"இதை இங்கே இழுத்து, அதுக்குள்ளே போடுங்கோ."

இருபத்தாறு சுட்டிகள் நகர்ந்தன.
ஒன்று நகரவில்லை.
கடைசி வரிசையில் மாரிஸ் டலிசே கேட்டாள்:
"எதை? எங்கே? எதுக்குள்ளே?"

பரிகாசம் இல்லை அதில்.
ஹெட்போன் ஒரு காதில் மட்டும்.
மற்றக் காது எனக்கு.
எனக்கென்று திறந்து வைத்த அந்தக் காதில்
பத்து நிமிடமாக நான்
விரலை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருடத்து ஸ்லைடுகளை
அவளுடைய கணினி வாசித்த விதம்:
படம்.
படம்.
பெயரிடாத படம்.
படம்.
நிரல்களைப் படமாக வெட்டி ஒட்டி
ஓரத்துக்கு நீலம் தீட்டியிருந்தேன்,
கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று.

கல்விச்சபைக்குப் படிவம் போட்டேன்.
பத்து வாரம் ஆகும் என்றார்கள்.
தவணையே இருபது வாரம்.
மேசையில் தேநீர் ஆறிக்கிடக்க,
நானே எழுதிய நிரலை
என் படத்தைப் பார்த்தே மறுபடி தட்டினேன்,
ஒரு பரவளையத்தையும் தவறவிடாமல்.
இரண்டைத் தவறவிட்டேன். மாரிஸ் கண்டுபிடித்தாள்.

வண்ணக் கட்டைகளை இழுத்து அடுக்குவதை விட்டு
எழுத்துக்கு வந்தோம். பைதன்.
அதில் வரிக்கு முன் விடும் வெற்றிடமும் பேசும்.
அவள் காதில் அது
வெளி வெளி வெளி வெளி என்று புலம்பியது.
எங்கோ ஓர் அமைப்பைத் தேடி மாற்றினாள்:
இப்போது ஒவ்வொரு படி உள்ளே போகவும்
ஒரு சுரம் ஏறும்.
வாசிக்க முன்னமே தெரியும்
எந்த ஆழத்தில் நிற்கிறாள் என்று.
நான் கைதட்டினேன்.
"கைதட்டு வேண்டாம், மிஸ். ஃபைல் வேணும்.
முதல் நாள் இரவே."

கானர் ஹால்டோர்சனுக்கு
கொம்பியூட்டர் பிடிக்காது என்று
மூன்று வருடமாக அவன் கோப்பில் எழுதியிருந்தது.
அவன் கை நடுங்கும். பிடிபடாதது சுட்டி மட்டும்தான்.
அவளுக்கென்று எழுதி ஒட்டிய விசைகளின் பட்டியலை
ஒரு நாள் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனான்.
வெள்ளிக்கிழமை, மணி அடித்த பிறகும்
எழும்பவில்லை.

அ, இ, உ. சுட்டெழுத்து மூன்று.
சாவகச்சேரியில், ஆறாம் வகுப்பில் பாடமாக்கியது.
இ, சொல்பவருக்குக் கிட்ட.
அ, இருவருக்கும் எட்ட.
உ வழக்கொழிந்தது என்று புத்தகம் சொல்லும்;
எங்கள் வீட்டில் அது தேய்ந்ததே இல்லை.
உது. உங்கை. உவர்.
கேட்பவர் பக்கத்தில் கிடப்பது.
பன்னிரண்டு வருடம் நான்
இ-யிலும் அ-விலும் மட்டும் பாடம் நடத்தியிருக்கிறேன்.
ஆங்கிலத்தில் உ-வுக்குச் சொல் இல்லைத்தான்.
வரி எண் இருக்கிறதே.

ஏப்ரல். ரெட் ஆற்றில் பனிக்கட்டி
வெடித்து நகரும் சத்தம்.
பழக்கம் விடுமா?
போன வியாழன் திரையைத் தட்டி,
"இதில ஒரு பிழை இருக்கு" என்றேன்.
மாரிஸ் அன்று இல்லை. பல் மருத்துவர்.

"எதில?" என்றான் ஹால்டோர்சன்.
"எதில, மிஸ்?" என்றாள்
ஜன்னலோரத்தில், கண் நன்றாகவே தெரியும் ஒருத்தி;
ஃபெப்ரவரியில் இருந்தே தொலைந்திருந்தாளோ என்னவோ,
கேட்கத்தான் தெரியாமல்.

கையை இறக்கினேன்.
பதினேழாம் வரி.
நிபந்தனைக்குக் கீழே.
நாலு வெளி குறையுது.